ஜல்லி சார் பார்த்துப் போட்ட ரோடு

பெங்களூரில் ரோட்டைத் திட்டாத மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஆனால் ரோட்டுக்கு அடியில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டுக் கேட்டு, ஓர் ஆபீஸ் முழுவதையும் தன்னைத் திட்ட வைத்த மனிதர் ஒருவர்தான். அவர் ஜல்லி சார். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருந்திருக்கும். நாங்கள் யாரும் அதைப் படித்ததில்லை.

பீன்யாவில் ரோடு கான்ட்ராக்ட் எடுக்கும் சின்னக் கம்பெனி எங்களுடையது. நான் பர்ச்சேஸ், அவர் தரம் பார்க்கிற இன்ஜினியர். அதாவது, நான் வாங்கலாம் என்பேன், அவர் கூடாது என்பார். இதற்கு இருவருக்கும் மாதச் சம்பளம் வேறு.

அவருடைய பேன்ட் பாக்கெட்டில் எப்போதும் ஏழெட்டு ஜல்லிக் கல் இருக்கும். ரோடு போடும்போது இளகின மண்ணுக்கு மேலே, ஜல்லிக்கு அடியில், கெட்டியான ஒரு பிளாஸ்டிக் வலை விரிப்பார்கள். ஜியோகிரிட் என்று பெயர். அதை விற்க எவன் வந்தாலும் ஜல்லி சார் சாம்பிளை மேஜையில் விரித்து, பாக்கெட்டிலிருந்து ஒரு கல்லை எடுத்து அதன் ஓட்டையில் வைப்பார்.

"உக்காரலையேப்பா."

"சார், இது இம்போர்டட் சார்."

"இருக்கட்டும். கல்லு லோக்கல். முழுசா உள்ள போனா ஓட்டை பெருசு. மேலயே நின்னா ஓட்டை சிறுசு. பாதி எறங்கி கெட்டியா புடிச்சுக்கணும். அப்பதான் லாரி போனா கல்லு நகராது."

வந்தவன் பையை மூடிக்கொண்டு போவான். நான் அடுத்தவனுக்குப் போன் போடுவேன். இப்படியே என் தலை நரைத்தது.

ஒருநாள் வைட்ஃபீல்ட் மெட்ரோவில் செக்யூரிட்டிக்காரர் அவர் பாக்கெட்டைத் தடவிப் பார்த்துத் திகைத்துப் போனார். "ஏனு சார் இது?" என்றார். "ஜல்லி. நாப்பது எம்.எம்." என்றார் இவர். "யாக்கே?" என்று, அதாவது எதற்கு என்று, அந்த அப்பாவி மனிதர் கேட்டுவிட்டார். ஜல்லி சார் கன்னடத்தில் விளக்க ஆரம்பித்தார். வரிசை படிக்கட்டு வரைக்கும் நீண்டது. எனக்குப் பின்னால் நின்றவரிடம், இவர் யாரென்றே தெரியாது என்று நான் சொன்னேன். இன்னொரு முறை, அல்சூரில் ஒரு கல்யாணப் பந்தியில் ஜாங்கிரியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, "இதுல பன்னெண்டு எம்.எம். கூட நிக்காது" என்றார். அதற்குப் பிறகு எனக்கு ஜாங்கிரி இறங்குவதில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். அப்புறம் வந்தது ஹெப்பகோடி ரோடு.

தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் குடியிருக்கும் லேஅவுட் அது. முன்னே ஏரியாக இருந்த இடம், அடியில் கருங்களிமண். மழை வந்தால் கம்பெனி பஸ் உள்ளே வராது. ஷிப்டு முடிந்த பெண்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நடப்பார்கள். மழைக்கு முன்னால் ரோட்டை முடிக்கவேண்டும் என்று முதலாளி தினமும் என் கழுத்தில் உட்கார்ந்தார். ஜல்லி சார் தேர்ந்தெடுத்தது சதுர ஓட்டை வலை, அதற்கடியில் களி மேலேறாமல் இருக்க ஒரு துணி. அது வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள்.

அவர் கல் பார்க்க ரெண்டு நாள் குவாரிக்குப் போனார். பர்ச்சேஸ்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லாச் சரக்கையும் கட்டம் போட்டு எழுதி, பலம் என்ற வரிசையில் பெரிய எண்ணைச் சுழித்துவிடுவோம். நானும் வேறொரு வலையைச் சுழித்து வாங்கிவிட்டேன். ஜல்லி சார் சொன்னதைவிட அதற்கு இரண்டு மடங்கு பலம், விற்பவரிடம் கையிருப்பிலும் இருந்தது. அவர் திரும்புவதற்குள் வலையை விரித்து ஜல்லியைக் கொட்டி மூடியாகிவிட்டது.

மிச்சமிருந்த சுருளைக் காலால் விரித்துப் பார்த்தார். ஓட்டையெல்லாம் நீள நீளமான கீறல்கள்.

"இது மண்ணு சரியாம தடுப்புச் சுவத்துக்குப் போடறதுப்பா. ஒரு பக்கமா இழுத்தாதான் பலம். ரோட்டுல வண்டி நாலு பக்கமும் தள்ளும்."

"நம்பர் ரெண்டு மடங்கு சார்."

"உன் செருப்பு சைஸ் என்ன?"

"எட்டு சார்."

"பதினாறு வாங்கிப் போட்டுக்கோ. ரெண்டு மடங்கு."

தோண்டி எடுக்கலாம் என்றார். முதலாளி சிரித்தார். முதல் மழைக்கே ரோடு உள்வாங்கி, கம்பெனி பஸ் களியில் அச்சு வரை இறங்கியது. பஸ்ஸிலிருந்து இறங்கிய ஓர் அம்மா என்னைப் பார்த்து, "ரோடு போட்டது நீங்களா? முன்னாடி சேறு மட்டும்தான் இருந்துச்சு. இப்ப சேத்துல கல்லும் குத்துது" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மறுநாள் மீட்டிங். சரக்கை யார் பாஸ் செய்தது என்று முதலாளி கேட்டார். வேலை போனதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று நான் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் பாத்து பாஸ் பண்ணதுதான்" என்றார் ஜல்லி சார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது. அதுதான் அசிங்கம். பல வருஷமாக அவரிடம் அவதிப்பட்ட முதலாளியோ, அது பொய் என்று தெரிந்தும், பண்டிகை வந்ததுபோல் மலர்ந்து, வேலையை விட்டுப் போகச் சொன்னார். ஜல்லி சார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: ரோட்டைத் தோண்டி, தான் சொன்ன வலையைத் தன் கண் முன்னால் போடவேண்டும், அப்புறம் போய்விடுகிறேன். அப்படியே நடந்தது. குடை பிடித்தபடி களிமேட்டில் நின்று, விரித்த வலை முழுக்கக் குனிந்து குனிந்து கல்லை வைத்துப் பார்த்தார். வேலை செய்தவர்கள் அழாத குறை. ரோடு முடிந்த அன்று கைப்பையை எடுத்துக்கொண்டு மைசூரில் மகள் வீட்டுக்குப் போனார்.

மூன்று மழைக்காலம் அந்த ரோடு அசையவில்லை. பஸ் வாசல் வரை வந்தது. பெங்களூரில் ஒரு ரோடு ஒழுங்காக இருந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? போன மாதம் தண்ணீர்க் குழாய் போடுகிறோம் என்று குறுக்கே வெட்டிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் அவர் போன் வந்தது. வழக்கம்போல் ஒரே கேள்வி.

"ரோடு எப்படிப்பா இருக்கு?"

"அப்படியே இருக்கு சார்."

"வெட்டிட்டாங்களாமே. பஸ் டிரைவர் சொன்னான். வலையை நேரா அறுத்தாங்களா, பிச்சு எடுத்தாங்களா?"

"நேராத்தான் சார். மூடறப்ப அதே வலைல துண்டு வெட்டி, ரெண்டு பக்கமும் முழ அளவு மேல ஏத்திப் போட்டோம். ஜல்லியும் நீங்க சொன்ன சைஸ்தான்."

"போட்டோமா? நீ எங்கப்பா அங்க?"

"ரெண்டு நாள் லீவு போட்டுட்டு குழி பக்கத்துலயே நின்னேன் சார்."

"மழை பெஞ்சிருக்குமே. தலைய தொவட்டினியா?"

இத்தனை வருஷத்தில் ரோட்டைத் தவிர அவர் என்னிடம் விசாரித்த ஒரே விஷயம் அதுதான். துண்டை எடுத்து, எப்போதோ காய்ந்துவிட்ட தலையைத் துவட்டிக்கொண்டே, "தொவட்டிட்டேன் சார்" என்றேன்.