உள்ளிருந்து மட்டும் பூட்டும் ஷெட்

சங்கரன்கோவில்,
ஆனி 28, சனிக்கிழமை, முற்பகல்.

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கும், அக்கா சங்கரேஸ்வரிக்கும் முத்துக்குமாரசாமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் தங்கள் தங்கை மீனலோசினியும் கோமதி அம்பாள் புண்ணியத்தில் நலம். அங்கே தங்கள் முழங்கால், அக்காவின் சர்க்கரை, மருமகன் ராம்சங்கரின் வேலை மாற்றம் ஆகிய மூன்றும் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். நான் போன் பேசினால் மீனா பக்கத்தில் வந்து நின்றுவிடுவாள். இது அவள் கேட்கக் கூடாத செய்தி. அதனால் இந்த வீட்டில் அவள் வர முடியாத ஒரே இடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்த இடம் எது என்பதுதான் செய்தியே.

போன வருடம் ஆடித்தபசுக்குத் தாங்கள் நால்வரும் வந்தபோது, எங்கள் இரண்டாவது அறையில் கால் வைக்க இடமில்லாமல் லாட்ஜில் தங்கினீர்கள் அல்லவா. அன்று மத்தியானம் மீனா தூக்குவாளியில் சொதியும் இன்னொரு கையில் இஞ்சிப் பச்சடியுமாக லாட்ஜ் மாடிப்படியில் ஏறப் போனாள். கீழே மேஜையில் இருந்தவர் அவளை நிறுத்தி, நோட்டில் பெயரை எழுதி, பெயருக்கு எதிரே 'பார்வையாளர்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். உடன்பிறந்த அண்ணனுக்குச் சோறு கொண்டு போகிறவள் பார்வையாளர். இதைத் தங்களிடம் அவள் சொல்லியிருக்க மாட்டாள். என்னிடமும் பத்து மாதம் கழித்து, அரிசி களைந்துகொண்டே, முகத்தைத் திருப்பாமல்தான் சொன்னாள். "இந்த வருசமும் எங்கண்ணன் லாட்ஜுல படுத்தா, நான் தபசுக் காட்சி பாக்க வர மாட்டேன். நீங்க மட்டும் போயிட்டு வாங்க." அம்பாள் ஒற்றைக் காலில் தவம் நிற்பதைக் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு வருடம்கூடத் தவறவிடாதவள் அவள். விளையாட்டுக்குச் சொல்கிறவளும் அல்ல.

ஆகவே அறையைக் காலி செய்ய வேண்டும். அறையில் இருப்பவை: தங்கள் தகப்பனார் சீர் கொடுத்த பித்தளை அண்டா, செப்புத் தவலை இரண்டு, ஒன்பது கொலுப்படி, மகள் வித்யாலட்சுமியின் தொட்டில், என் சைக்கிள், கிணற்று மோட்டாரின் பழைய குழாய், முப்பத்தோரு வருடம் சர்வேயராக இருந்ததற்குச் சாட்சியாக ஒரு அளவுச் சங்கிலி. எதையும் எறிய முடியாது. புறவாசலில் கிணற்றுக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவே இடம் கிடக்கிறது. அங்கே ஒரு ஷெட் வைத்து எல்லாவற்றையும் குடியேற்றிவிடலாம் என்று பெங்களூரில் இருந்து வித்யாதான் யோசனை சொன்னாள். தகரம் வெயிலில் அடுப்பாகிவிடும், மரம் கறையானுக்குப் படையல், அதனால் பிளாஸ்டிக் என்றாள். பிளாஸ்டிக்கில் குடமும் வாளியும் பார்த்திருக்கிறோம், வீடு பார்த்ததில்லை. அவள் போனில் படங்கள் அனுப்ப ஆரம்பித்தாள்.

அத்தான், தேர்ந்தெடுக்க எங்களுக்குப் பத்தொன்பது நாள் ஆனது. அந்தப் பத்தொன்பது நாளும் கனவு மாதிரி இருந்தது. காலைக் காபியோடு உட்கார்ந்தால், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு ஷெட்டாக விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்போம். எல்லாப் படத்திலும் பச்சைப் புல்வெளி, பனி மூட்டம், பின்னால் பெயர் தெரியாத மரங்கள். ஷெட் வாசலில் ஒரு வெள்ளைக்காரப் பெண் பூந்தொட்டியோடு சிரித்துக்கொண்டு நிற்பாள். மீனா படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இவளுக்கு வீட்டுல வேற சோலி கெடையாதோ?" என்று கேட்பாள். பிறகு காபி ஆறுகிற வரைக்கும் அடுத்த படத்துக்குத் தள்ள விட மாட்டாள். நான் அளவைப் பார்த்தேன், அவள் ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னல் இல்லாததை எல்லாம் தள்ளிவிட்டாள். சாமானுக்கு எதற்கு ஜன்னல் என்று கேட்டதற்கு, "அந்த அண்டா எங்க வீட்டுல முத்தத்துல கெடந்தது. அதுக்கு வெளிச்சம் வேண்டாமா?" என்றாள். கடைசியில் எட்டடி நீளம், ஆறடி அகலம், ஏழடி உயரத்தில், ஒரு ஜன்னலும், கூரை நடுவே பால் நிறத்தில் வெளிச்சம் விடும் பட்டையும் உள்ள ஒன்றை எடுத்தோம். ஐந்து அட்டைப்பெட்டிகளில் வீடு வந்து இறங்கியது.

பெட்டியோடு ஒரு புத்தகம் இருந்தது. எழுத்தே இல்லை, படம் மட்டும். ஒன்று முதல் நாற்பத்தேழு வரை வரிசையாக. முதலில் தளம், பிறகு சுவர், பிறகு கூரை, நாற்பத்தோராவது படத்தில்தான் கதவு. வரைபடத்தை மீறி ஒரு கல்லைக்கூட நட்டவன் அல்ல நான். ஆனால் தச்சர் சுடலைராஜைக் கூப்பிட்டிருந்தேன். அவர் புத்தகத்தைக் கடைசியில் இருந்து முன்னால் புரட்டிப் பார்த்துவிட்டு மூடினார்.

"கதவு கடைசியிலயா? இது என்ன அண்ணாச்சி கூத்து. நெல வைக்காம எவனாவது செவுரு எழுப்புவானா?"

"பிளாஸ்டிக்குக்கு எதுக்குய்யா நிலை?"

"வாச இருக்குல்லா? வாச இருந்தா நெல உண்டு. நெல உண்டுன்னா நேரம் உண்டு."

மீனா ஏற்கெனவே மாவிலை பறித்து வைத்திருந்தாள். ஆனி பதினெட்டு, புதன்கிழமை, காலை ஒன்பதே கால் முதல் பத்தே கால் வரை நல்ல நேரம். வடக்கு மூலையில் இருந்த புற்றை இடிக்க அவள் சம்மதிக்கவில்லை. கோயில் புற்றுமண்ணை நெற்றியில் பூசுகிற ஊரில் வீட்டுப் புற்றில் மண்வெட்டி போடச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. மூன்றடி தள்ளி, கிழக்கே பார்த்து, மஞ்சள் குங்குமம் இட்டு, கீழே நவதானியம் போட்டுப் பிளாஸ்டிக் நிலையைத் தூக்கி நிறுத்தினோம். நான்கு கிலோ கூட இருக்காது. ஆனாலும் வழக்கப்படி மூன்று பேரும் பிடித்துத்தான் தூக்கினோம். சுடலைராஜுக்கு வெற்றிலை பாக்கு, துண்டு எல்லாம் முறையாகச் செய்தோம்.

தவறு அடுத்த நிமிடம் நடந்தது. கதவை மாட்டிப் பார்த்த சுடலைராஜுக்கு முகம் மாறிவிட்டது. கதவு வெளிப்பக்கமாகத் திறந்தது.

"வெளிய பாத்துத் தெறந்தா லட்சுமி எப்படி அண்ணாச்சி உள்ள வருவா? வாரவள வாசல்ல வச்சு நெஞ்சுல இடிக்கவா?"

மீனா என்னைப் பார்த்தாள். நான் புத்தகத்தைப் பார்த்தேன். நல்ல நேரம் முடிய இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. வேறு வழியில்லாமல் நிலையைத் திருப்பி வைத்தோம். இப்போது கதவு, நம் ஊர்க் கதவுகளைப் போல மரியாதையாக உள்ளே திறந்தது. நிலை திரும்பியதால் அதில் மாட்ட வேண்டிய சுவர்ப் பலகைகளும் திரும்பின. ஒவ்வொன்றும் 'டக்' என்று உட்கார்ந்தது. ஒருமுறை உட்கார்ந்தால் பிறகு எழுந்திருக்காது. அதைச் சொல்லத்தான் பன்னிரண்டாவது படத்தில் ஒரு மனிதன் பலகையைப் பிடித்து இழுக்க, அவன்மேல் பெரிதாகக் குறுக்குக் கோடு போட்டிருந்தது. புத்தகத்துக்குத் திருஷ்டி என்று மீனா அந்தப் பக்கத்தில் குங்குமம் தடவியிருந்ததால் நாங்கள் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை கூரை ஏறியது. சாமான்களையும் ஏற்றினோம். சுடலைராஜ் உள்ளே போய்ப் பூட்டை மாட்டித் திருகி, உள்ளே இருந்தே சத்தம் கொடுத்தார்.

"பூட்டியாச்சு அண்ணாச்சி! இனி ஆன வந்தாலும் தெறக்காது!"

மீனா கேட்டாள்: "பூட்டுனது சரி சுடல. நீ எதுக்கு உள்ள நிக்கே?"

உள்ளே பூட்டைத் திருகிப் பார்க்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அதத்தாம்மா நானும் யோசிக்கேன்" என்று வந்தது.

பூட்டு மாட்டும் வளையம், தாழ்ப்பாள், இரண்டுமே உட்பக்கம். வெளியே பார்த்திருக்க வேண்டிய மரவரி வேலைப்பாடு எல்லாம் உள்ளே. உள்ளே இருந்திருக்க வேண்டிய கொக்கிகளும் தட்டு மாட்டும் துளைகளும் வெளியே. வெளியில் இருந்து பார்த்தால் கவிழ்த்துப் போட்ட வாளி. அந்தக் கொக்கிகளில் மீனா அரிசி புடைக்கிற சொளவையும் விளக்குமாற்றையும் மாட்டிவிட்டாள். அது ஒன்றுதான் இதுவரை முறையாகப் பயன்படுகிறது.

உள்ளிருந்து மட்டும் பூட்டுகிற இடத்தில் பொருள் பத்திரமாக இருக்க வேண்டும் என்றால், ஒரு ஆள் எப்போதும் உள்ளே இருக்க வேண்டும். முதல் நாள் நான் இருந்தேன். மறுநாள் காலை குளிக்கப் போன இருபது நிமிடத்தில், பக்கத்து வீட்டுப் பாலம்மாளின் வெள்ளாடு நெற்றியால் கதவைத் தள்ளி, லட்சுமிக்காக வைத்த வழியில் லட்சணமாக உள்ளே போய்விட்டது. நான் துண்டோடு வந்து பார்த்தபோது அது கொலுப்படியில் மூன்றாவது படியில் நின்று புத்தகத்தைத் தின்றுகொண்டிருந்தது. முப்பத்தெட்டு முதல் நாற்பத்தேழு வரை போய்விட்டது. பாலம்மாள் வந்து என்னைத்தான் ஏசினாள்.

"கதவ உள்ள பாத்து வச்சிட்டு ஆட்டக் குத்தம் சொல்லுதியளே, நாயமா? அதுக்கு வகுறு வீங்கிச்சின்னா நீங்கதான் பதில் சொல்லணும்!"

ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மீனா அன்றே எல்லாச் சாமானையும் திரும்ப அறைக்குள் ஏற்றச் சொல்லிவிட்டாள். அண்டா பழைய இடத்தில். சைக்கிள் அண்டாவின் மேல். அறை போன வருடம் இருந்தபடியே இருக்கிறது, சங்கிலி மட்டும் இடம் மாறியிருக்கிறது. ஷெட் காலி. நேற்று காலண்டரில் தபசு நாளைச் சுற்றிப் போட்டிருந்த பென்சில் வட்டத்தை எச்சில் தொட்டு அழித்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததை அவள் பார்க்கவில்லை.

ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது. ஒரு வாரமாக மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் இங்கே வந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறேன். சாமானே இல்லாத இடத்துக்கு என்ன காவல் என்று அவள் கேட்டதற்கு, "சுவர் இறுகுதான்னு பாக்கேன்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். இங்கே உள்ள வெளிச்சம் வெயில் அல்ல, நிழலும் அல்ல. பால் ஊற்றி ஆற்றியது போல இருக்கிறது. பக்கத்துத் தெருவின் விசைத்தறிச் சத்தம், வீட்டுக்குள் தலையில் அடிப்பது, இங்கே வரும்போது தண்ணீருக்கு அடியில் யாரோ நெய்வது போலக் கேட்கிறது. மேற்கே இருந்து சாரல் வந்தால் கூரைமேல் எள்ளைக் கொட்டுவது போல. முந்தாநாள் ஒரு மயில் கூரைப் பட்டையின்மேல் நடந்தது. மயிலைக் காணவில்லை, இரண்டு பாதங்களின் நிழலை மட்டும் ஒவ்வொன்றாக என் நெஞ்சின்மேல் வைத்துவிட்டுப் போனது. எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தைப் பார்க்கவில்லை. முப்பத்தோரு வருடம் அளந்தவன், முதல் தடவையாக ஒன்றை அளக்காமல் விட்டேன்.

அது கிடக்கட்டும். விஷயம் இதுதான். தபசுக்கு இருபத்தாறு நாள் இருக்கிறது. தங்களுக்குத் தர என்னிடம் அறை இல்லை. தயவுசெய்து தாங்களே இந்த வருடமும் லாட்ஜில் இடம் சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டு மீனாவுக்குப் போன் செய்து, முழங்காலுக்குத் தோதான கட்டில் உள்ள இடம் வேண்டும் என்று டாக்டர் சொன்னதாக ஒரு வார்த்தை சொல்லுங்கள். குறை என்னுடையதாக இல்லாமல் முழங்காலுடையதாக இருந்தால் அவள் ஒருவேளை தபசு பார்க்க வருவாள். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடவும்.

அக்காவுக்கு என் வணக்கம். ராம்சங்கருக்கும் அவன் மனைவிக்கும் ஆசிகள். எல்லார் வாசலும் அவரவர்க்குத் தோதான பக்கம் திறக்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
முத்துக்குமாரசாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது கதவைத் தட்டினாள். திறந்தேன். கடிதத்தை மறைக்க இங்கே ஒரு தட்டுகூட இல்லை, அவை எல்லாம் வெளியே இருக்கின்றன. வாங்கி முழுவதும் படித்தாள். 'பார்வையாளர்' வந்த இடத்தில் சற்று நின்றாள். பிறகு எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து கூரையைப் பார்த்தாள். "முப்பத்தி நாலு வருசத்துல நான் தாப்பா போட்டுட்டு சும்மா உக்காந்த எடம் இது ஒண்ணுதான்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பூட்டு உள்ள இருந்தா அது சாமான் வைக்க எடமா? மனுசங்க எடம்லா. நீங்க சர்வேயர்தானே, இதுகூடத் தெரியலயா?" என்றாள்.

ஆகவே மேலே லாட்ஜ் பற்றி எழுதியதை அடித்துவிட்டதாகக் கொள்ளவும். டாக்டரையும் இழுக்க வேண்டாம். எங்கள் அறையும் கட்டிலும் தங்களுக்கும் அக்காவுக்கும், கூடம் ராம்சங்கருக்கும் அவன் மனைவிக்கும். அண்டா இருந்த இடத்திலேயே இருக்கும். நாங்கள் இருவரும் ஷெட்டில் படுத்துக்கொள்கிறோம். தாங்கள் பெருந்தன்மையாக 'ஷெட்டில் நாங்களே படுத்துக்கொள்கிறோம்' என்று சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டோம் என்று மீனா எழுதச் சொன்னாள். ஷெட் காலி இல்லை.

உறைக்குப் பசை எடுத்து வர என்னை வீட்டுக்குள் அனுப்பினாள். வந்து பார்த்தால் தாழ்ப்பாள் போட்டிருக்கிறது. இந்தக் கடைசி வரிகளைச் சுவரில் காகிதத்தை வைத்து, சொளவுக்கும் விளக்குமாற்றுக்கும் நடுவே நின்றுகொண்டு எழுதுகிறேன். தட்டினேன். "யாரு?" என்று கேட்டாள். "பார்வையாளர்" என்றேன். சிரிக்கிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் சத்தம் இன்னும் கேட்கவில்லை.