வாட்ச் கட்டிக்கொண்டு காலில் விழுந்த கதை

எங்கேயாவது ஒரு கருவி ‘பீப், பீப்’ என்று கத்தினால் போதும், சிதம்பரத்து மொசைக் தரையின் குளிர்ச்சி என் நெற்றிக்கு ஞாபகம் வந்துவிடும்.

மூன்று வருடத்துக்கு முன்பு டாக்டர் என்னை ஓடச் சொன்னார். ஓடுவதற்குக் கால் போதும் என்பது தெரியாமல் வாட்ச் தேடினேன். இதயத்தை எண்ணுவது, தூக்கத்தை அளப்பது, மூச்சை வேவு பார்ப்பது என்று கடலூர்க் கடையில் வரிசையாக எடுத்து வைத்தார்கள். என் மனைவி செல்வி ஒரே கேள்விதான் கேட்டாள்: “பீச்சு மணல்ல இவுரு வுழுந்து கெடந்தா, எனக்குச் சொல்லுமா?”

சொல்லுமாம். விழுந்து, அசையாமல் கிடந்தால் முதலில் கத்துமாம்; அணைக்காவிட்டால் இடத்தோடு அவள் போனுக்குத் தகவல் பறக்குமாம். அதையே வாங்கினோம். (கடலோரம் நான் ஓடிய ஓட்டத்தை அது கடைசிவரை ‘நடை’ என்றே எழுதியது.)

அந்த மாதம்தான் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. சிதம்பரத்தில் என் தாய்மாமா. எங்கள் புதுமனை புகுவிழாப் பத்திரிகையில் அவர் பெயரை விட்டுவிட்டேன். (பெயின்டர் பெயர்கூட இருந்தது.) அதிலிருந்து இரண்டு வருடமாகப் பேச்சில்லை. அம்மா போன பிறகு அந்தப் பக்கத்தில் எனக்கு மிச்சமிருந்தவர் அவர் ஒருவர்தான். அவர் வராமல் எப்படிக் கல்யாணம்?

“நேரா போயி கால்ல வுழுந்துடுங்க,” என்றாள் செல்வி.

போனேன். நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். பெரியவர் ‘எழுந்திரு’ என்று சொல்லாமல் எப்படி எழுவது? அவர் சொல்லவில்லை. பேப்பரில் ஒரு பக்கம் புரண்டது. நான் அசையவில்லை. மணிக்கட்டில் ‘பீப், பீப்’. அணைக்கக் கையை இழுத்தால் மரியாதைக் குறைவு. கத்தட்டும் என்று கிடந்தேன். கத்தி ஓய்ந்தது.

உடனே மாமாவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் செல்வியின் அழுகை. (விழச் சொன்னதே தான்தான் என்பது பதற்றத்தில் மறந்துவிட்டது.)

“மாமா! அவுரு வுழுந்துட்டாராம், வாட்ச்சு சொல்லுது! ஒங்க வூட்டாண்டதான் காட்டுது! எங்க வுழுந்து கெடக்குறாரு?”

பேப்பர் இறங்கியது. இரண்டு வருடத்தில் முதல் சொல்:

“எங் கால்லதாம்மா.”

பிறகு நாற்காலி குலுங்கியது. அழுகிறாரோ என்று நிமிர்ந்து பார்த்தேன். சிரிப்பு. மழைக்குப் பிறகு ஓடு சொட்டுவதுபோல் விட்டு விட்டு வந்த சிரிப்பு.

“ஏந்திரிடா. ஆம்புலன்சு கீம்புலன்சு வந்துடப் போவுது.”

இன்றும் எங்கள் வீட்டில் யார் மன்னிப்புக் கேட்டாலும், “வாட்ச்சு கட்டிக்கிட்டு வந்து கேளு,” என்கிறார்கள்.

அன்று மாமா பஸ் ஸ்டாண்டு வரை வந்து ஏற்றிவிட்டார். கடலூர் பஸ் கிளம்பும்போது ஜன்னல் கம்பியைத் தட்டினார்:

“டேய், இந்தத் தடவையும் பத்திரிகையில எம் பேரு விட்டுப்போச்சுன்னு வையி, ஒன் வாட்ச்சு நெசமாவே கத்த வேண்டியிருக்கும்!”