எட்டுப் பேருக்கும் எறும்பு ஊருதுங்க

பீளமேடு,
கோயமுத்தூர்.
தை 8

மதிப்புக்குரிய மாப்பிள்ளை சசிதர் அவர்களுக்கு,

மாமனார் சென்னகிருஷ்ணன் ஆசிகளோடு எழுதுவது. நானும் உங்கள் அத்தை வெங்கடலட்சுமியும் இங்கே சௌகரியம். பெங்களூரில் நீங்களும் மேக்னாவும் குழந்தை அக்ஷிதாவும் சௌகரியமாகத்தான் இருப்பீர்கள், நேற்று வீடியோவில் பார்த்தேன். ஆனாலும் கடிதம் என்றால் விசாரிக்க வேண்டும், விசாரித்துவிட்டேன். போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம், இது ஆராய்ச்சி முடிவு. உங்கள் காலேஜில் விளையாட்டு விஞ்ஞானம் நடத்துகிற எல்லோரும் படிக்க வேண்டியது. போனில் சொன்னால் மேக்னா நடுவில் சிரிக்கிறாள்.

தீபாவளிக்கு வந்தபோது நீங்கள் கொடுத்த பீட்டா அலனின் டப்பாவைப் பற்றித்தான் சொல்கிறேன். எங்கள் நடைப்பயிற்சிச் சங்கத்தின் எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் நான்கு வருடமாக ஏசுவடியான் சார் முதலாவது, நான் இரண்டாவது. அவர் ரிட்டயர்டு டிரில் மாஸ்டர், அறுபத்தேழு வயது, முழங்கால் இன்னும் கம்பெனிப் பொருள் மாதிரி இருக்கிறது. நான் முப்பத்தோரு வருடம் மில்லில் தரக்கட்டுப்பாடு பார்த்தவன், இரண்டாம் தரம் என்றால் எனக்கு ஆகாது. இந்த வருடம் அவர் வீட்டைக் காலி செய்துவிட்டு மகன் வின்ஸ்டனோடு கனடாவுக்கே போகிறார். ஆக, அவரை முந்த எனக்கு இருந்தது இந்த ஒரே ஓட்டம். அதனால்தான் உங்களைக் கேட்டேன். நீங்கள் பொறுமையாகச் சொன்னீர்கள்: இது ஒரு அமினோ அமிலம், தசையில் கார்னோசின் என்கிற சரக்கைக் கூட்டும், வேகமாக ஓடும்போது தசையில் சேருகிற அமிலத்தை அது கொஞ்சம் தாங்கும், ஒன்றிலிருந்து நான்கு நிமிடம் வரை உயிரைக் கொடுத்து ஓடுகிறவனுக்குச் சின்ன உதவி, அதுவும் நான்கு வாரத்துக்கு மேல் தினமும் சாப்பிட்டால்தான், ஆராய்ச்சி பெரும்பாலும் இளவட்டங்களிடம் நடந்தது, பெரிதாக எதிர்பார்க்காதீர்கள் மாமா, டாக்டரைக் கேளுங்கள், முகத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், பயப்படாதீர்கள். இதில் 'சின்ன உதவி' வரைக்கும் எனக்கு நன்றாகக் கேட்டது.

ஆனால் நான் கண்ணை மூடிக்கொண்டு எதையும் வாயில் போடுகிற ஆள் இல்லை. மில்லில் புதுப் பஞ்சு மிக்சிங் வந்தால் ஒரு மிஷினில் புதுசு, பக்கத்து மிஷினில் பழசு ஓட்டி, நூல் எதில் அதிகம் அறுகிறது என்று எண்ணித்தான் மேலே சொல்லுவோம். அதே முறையில் சங்கத்தில் ஓடுகிற எட்டுப் பேரையும் சேர்த்தேன். எட்டுப் பேரும் அவரவர் டாக்டரைக் கேட்டுக்கொண்டோம். நான்கு பேருக்கு உங்கள் பவுடர், நான்கு பேருக்கு வறுத்த அரிசி மாவு. யாருக்கு எது என்று எனக்கும் தெரியக் கூடாது என்பதற்காகச் சீட்டுக் குலுக்கிப் பொட்டலம் கட்டும் பொறுப்பை உங்கள் அத்தையிடம் விட்டேன். அவள் பட்டியலை எழுதிக் கடுகு டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு, "ஏனுங்க, எட்டுப் பேருக்கும் இட்லி சுட்டுப் போட்டிருந்தா இத்தனை வேலை இல்லீங்களே" என்றாள். விஞ்ஞானத்துக்கு வீட்டில் ஆதரவு எப்போதும் குறைவுதான்.

முதல் நாள் காலை மைதானத்தில் எலுமிச்சை ஜூஸில் கலந்து எல்லோரும் குடித்தோம். கால் மணி நேரத்தில் என் காது மடல் குறுகுறுத்தது, பிறகு கன்னம், பிறகு புறங்கை. எனக்கு நிஜப் பவுடர்தான் என்று தெரிந்ததும் வந்த சந்தோஷத்தில், ரகசியத்தை மறந்து இரண்டு காதையும் சொறிந்துகொண்டு மைதானத்தை ஒரு சுற்று சுற்றினேன். அந்தப் பக்கம் எங்கள் எட்டில் ஒருவரான ஜெபராணி டீச்சர் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு, மரத்திலிருந்து கம்பளிப்பூச்சி விழுந்துபோட்டது என்று வாட்ச்மேனைக் கூப்பிட்டார். வாட்ச்மேன் தொரட்டி எடுத்துவந்து நல்ல மரத்தை அரை மணி நேரம் உலுக்கினார்.

சரி, எறும்பு ஊர்ந்ததோடு போயிற்றா என்றால் இல்லை. மூன்றாம் நாளே யார் யாருக்கு ஊர்கிறது என்பது ஊருக்கே தெரிந்துபோயிற்று. மாவு கிடைத்த ரசாக் பாய் முகம் வாடிவிட்டது. "எனக்கு மட்டும் ஒண்ணுமே ஊரலீங்களே. நான் என்னுங்க தப்புப் பண்ணிப்போட்டேன்?" என்று கேட்டார். அவ்வளவுதான், ஜெபராணி டீச்சருக்கு மனசு கேட்கவில்லை, தன் டம்ளரில் பாதியை அவருக்கு ஊற்றினார். "அய்யோ வேண்டாமுங்க, நீங்க குடிங்க." "இல்லீங்க பாய், நீங்க முதல்ல." இப்படிப் பவுடர்க்காரர் மாவுக்காரருக்கு ஊற்ற, மாவுக்காரர் சும்மா வாங்கக் கூச்சப்பட்டுத் தன் மாவைத் திருப்பி ஊற்ற, எட்டு டம்ளரும் சம்பந்தி வீட்டுப் பலகாரத் தட்டு மாதிரி சுற்றிச் சுற்றி வந்தது. யார் எதைக் குடித்தார் என்று ஆண்டவனுக்கே கணக்கு இருக்காது. நடைப்பயிற்சி நேரத்தில் பாதி இந்த உபசாரத்திலேயே போயிற்று. நான் கத்தினேன், "ஆராய்ச்சிங்க இது, விருந்து இல்லீங்க" என்றேன். எல்லோரும் தலையை ஆட்டிவிட்டு எனக்கும் கொஞ்சம் ஊற்றினார்கள்.

அப்புறம் நோட்டுப் போட்டுத் தினமும் ஒவ்வொருவரையும் கேட்டு எழுத ஆரம்பித்தேன். அது இன்னும் மோசம். ஒருத்தன் வீடு வீடாக நோட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறான், இல்லை என்று சொல்லி அவன் மனசை நோகடிக்கலாமா என்று நினைத்துவிட்டார்கள். "ஊருதுங்களா?" "நல்லா ஊருதுங்க." "எங்கங்க ஊருது?" "எங்க ஊரணுமுங்க?" எங்களோடு ஓடுகிற சங்கச் செயலாளர் ஒரு நாள் கல்யாணத்துக்காகக் கொடுமுடி போயிருந்தார், ஜூஸ் குடிக்கவே இல்லை. போன் போட்டேன். பின்னால் நாதஸ்வரம் கேட்கிறது, மனுஷன் சத்தமாக, "இங்கயும் நல்லா ஊருதுங்க, கவலைப்படாதீங்க, தாலி கட்டி முடிஞ்சதும் வாரேன்" என்றார். நோட்டில் எழுதிக்கொண்டேன். என்ன செய்வது, எட்டுக்கு எட்டு.

இத்தனைக்கும் நடுவில் ஏசுவடியான் சாருக்காக அவர் சர்ச்சில் வழியனுப்பு ஜெபம் வைத்தார்கள். நாங்கள் மைதானத்திலிருந்து நேராகப் போய் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். எல்லோரும் கண்ணை மூடி அமைதியாக இருந்தபோது எங்கள் வரிசையில் நான்கு பேர் காதைச் சொறிந்துகொண்டிருந்தோம். பாதிரியார் அதைத் துக்கம் என்று நினைத்து எங்களுக்காகவும் தனியாக ஒரு ஜெபம் செய்தார். ஏசுவடியான் சார் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு எதுவும் ஊரவில்லை போலிருக்கிறது என்று நான் உள்ளுக்குள் குறித்துக்கொண்டேன்.

எட்டு வாரம் முடிந்தது. பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டம். முதல் சுற்றில் வழக்கம்போல அவர் முன்னால், அவருடைய நீல பனியன் முதுகைப் பார்த்துக்கொண்டே நான் பின்னால். இரண்டாவது சுற்றின் கடைசி வளைவில் என் தொடை எரியவில்லை மாப்பிள்ளை. சத்தியமாகச் சொல்கிறேன், கொஞ்சம்தான் எரிந்தது. கார்னோசின் வந்துவிட்டது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு ஒரு எட்டு எட்டிப் போட்டேன். ஒரு கை நீளத்தில் நான் முதலாவது. காலில் சுளுக்கு என்று அன்று ஓடாமல் நின்ற ரசாக் பாய் கடிகாரத்தைப் பார்த்து நான்கு நிமிடம் இரண்டு வினாடி என்று அறிவித்தார். போன வருடம் நான்கு நிமிடம் ஒன்பது. வீட்டுக்கு வந்து கடுகு டப்பாவைத் தூக்கிப் பார்த்தால், எனக்குப் பவுடர், ஏசுவடியான் சாருக்கு அரிசி மாவு. கப்பை டிவி மேல் வைத்திருக்கிறேன். அத்தை அதில் சாவி போடுகிறாள், சொன்னால் கேட்பதில்லை.

ஆகவே, அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களிடமும், கொங்கு மண்ணிலும் பீட்டா அலனின் வேலை செய்கிறது என்று இதன்மூலம் நிரூபணம் ஆகிறது. ஏழு வினாடி 'சின்ன உதவி' இல்லை, இதை உங்கள் புரொபசரிடம் சொல்லுங்கள். இன்னும் நான்கு டப்பா அனுப்பிவையுங்கள். என் பெயரைப் பிரசுரத்தில் போடுவதாக இருந்தால் முன்னெழுத்தோடு போடுங்கள்.

அக்ஷிதாவுக்கு என் முத்தம், மேக்னாவுக்கு ஆசி, உங்கள் அப்பா அம்மாவுக்கு எங்கள் வணக்கம். எல்லோரும் ஆயுள் ஆரோக்கியத்தோடு நன்றாக ஓடியாடி இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
முதலாவதாக வந்த உங்கள் மாமா,
சென்னகிருஷ்ணன்

பின்குறிப்பு: கடிதத்தை உடனே தபாலில் சேர்க்காமல் மூன்று நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. இன்று தை 11. டப்பா அனுப்ப வேண்டாம், புரொபசரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். நேற்று ரசாக் பாய் டீக்கடையில் வாய் தவறிச் சொல்லிவிட்டார், கடிகாரத்தில் வந்தது நான்கு நிமிடம் பத்து வினாடியாம். "எட்டு வாரமா இத்தனை பாடுபட்டீங்க. எட்டு செகண்டு என்னுங்க பெருசு, குறைச்சுப்போட்டேன்" என்கிறார். போன வருடத்தை விட ஒரு வினாடி அதிகம். அப்படியென்றால் நான் எப்படி முந்தினேன் என்று நேராக ஏசுவடியான் சார் வீட்டுக்கே போய்க் கேட்டேன். பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். முதலில் மழுப்பினார். அப்புறம், "ஏனுங்க, பின்னாடி அவசரமா ஒருத்தர் வாரது தெரிஞ்சா வழி விடறதில்லீங்களா? நாலு வருசமா உங்க மூச்சைக் கேட்டுட்டேதான் ஓடறேன். கனடாவுல யாருங்க என் பின்னாடி வரப் போறாங்க? கப்பு இங்கயே உங்ககிட்ட இருக்கட்டும்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் வீட்டுக்குத் திரும்பி, கப்பில் இருந்த சாவியை எடுத்து வெளியே வைத்துவிட்டு, கப்பைக் கொண்டுபோய் அவர் பெட்டியில் திணித்துவிட்டு வந்தேன். தை 20 அவருக்கு விமானம். தை 18 காலை ஆறு மணிக்கு நாங்கள் இரண்டு பேர் மட்டும் மறுபடி ஓடுகிறோம். பவுடரும் கிடையாது, மரியாதையும் கிடையாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். நான் தோற்பேன், தெரியும். தோற்கத்தான் வேண்டும். அவர் முதுகைப் பார்க்காமல் எனக்கு ஓடத் தெரியாது மாப்பிள்ளை. இதை எழுதும்போது கன்னத்தில் என்னவோ ஊர்கிறது. பவுடரை நிறுத்தி ஆறு நாள் ஆயிற்று.