பத்தொன்பதாவது கார்

ஓக் மாரோ, இல்லினாய்,
அக்டோபர் 9

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஹால்டேன் அவர்களுக்கு,

தங்கள் வாரப் பத்திரிகைக்கு இருபத்தாறு வருடச் சந்தாதாரரும், நான்காம் தெரு முக்கில் கார்களுக்கு சைலன்சர் மாற்றும் கடை வைத்திருப்பவனுமாகிய காஸிமிர் பிலார்ஸ்கி பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் துணைவியாரும் இந்தக் குளிர்காற்றில் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டுகிறேன். நான் நலமாக இல்லை. காரணம் கீழே வருகிறது. தயவுசெய்து ஒரு வரியும் வெட்டாமல் பிரசுரிக்கவும். போன தடவை என் கடிதத்தைப் பாதியாக வெட்டியதில் நான் கேமராவை ஆதரிப்பதுபோல் ஆகிவிட்டது.

என் கடை வாசல் சிக்னலில் நான்கு வருடங்களுக்கு முன் சிவப்பு விளக்குக் கேமரா வைக்கத் தீர்மானம் கொண்டுவந்தது, ஊர்மன்ற உறுப்பினராக இருந்த என் சொந்த அண்ணன் ஃபுளோரியன். அந்த ஈஸ்டர் விருந்தில் நாங்கள் போட்ட சண்டை பக்கத்து வீட்டுக்காரர்கள் வரைக்கும் கேட்டது. "ஒரு உயிர் தப்பினா போதும்டா காஸ்" என்றான் அவன். "உயிராவது மயிராவது, அது உண்டியல்! நடுத்தெருவுல கம்பம் நட்டு உண்டியல் கட்டித் தொங்கவிட்டிருக்கே" என்றேன் நான். "நீ அந்த முக்குல என்னைக்காவது ஸ்ட்ரெச்சர் தூக்கியிருக்கியா? நான் தூக்கியிருக்கேன்" என்றான். தீயணைப்புப் படையில் பதினெட்டு வருடம் தொண்டு செய்தவன். நான் கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன். மூன்று தெரு தள்ளித்தான் வீடு, நான்கு வருடம் பேசவில்லை, தேவாலயத்தில்கூட அவன் இடப்பக்கம், நான் வலப்பக்கம். அதற்குப் பிறகு நான் கையில் கடிகாரத்துடன் நின்று அளந்து பார்த்ததில் மஞ்சள் விளக்கு மூன்றே விநாடி என்பது தெரிந்தது. மிரண்டுபோய் பிரேக் போடுகிறவர்களைப் பின்னால் வருகிறவன் இடிக்கிறான், இடிபட்ட வண்டிகள் என் கடைக்குத்தான் வருகின்றன, அந்த வகையில் எனக்கு லாபம்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கம்பத்துக்குச் சல்லிக்காசு கொடுப்பதில்லை என்ற வைராக்கியத்தில் நான்கு வருடமாக மஞ்சள் விழுவதற்கு முன்பே நின்றுவிடுவேன்.

செப்டம்பர் 14 அன்று அண்ணனை அடக்கம் செய்தோம். மாரடைப்பு. தேவாலயத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெளியே அடக்க ஏற்பாட்டாளர் ஒவ்வொரு காரின் கூரையிலும் காந்தம் வைத்த ஆரஞ்சுக் கொடியை ஒட்டி, "ஹெட்லைட்டைப் போட்டுக்குங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். "எனக்கு வேண்டாம், நான் சும்மா அந்தப் பக்கம் போறேன்" என்றேன். சவ வண்டி பச்சையில் தாண்டிவிட்டால், பின்னால் வருகிறவர்கள் சிவப்பு விழுந்தாலும் வரிசை அறுபடாமல் போவது இங்கே வழக்கம், சட்டமும் அதுதான். குறுக்கே வருகிறவன் நின்று தொப்பியைக் கழற்றுவான். ஆனால் கல்லறைக்குப் போகும் வழி என் கடை சிக்னல்தான்; கேமராவுக்குத் தொப்பி ஏது? ஒவ்வொரு காருக்கும் பளிச் பளிச்சென்று அடித்தது. இரண்டாவது காரில் ஸ்டெஃபானியா அத்தை, "யாரோ போட்டோ எடுக்கறாங்க, எல்லாரும் நேரா உக்காருங்க" என்று சொல்லித் தலை வாரிக்கொண்டாளாம்.

பத்து நாளில் பத்தொன்பது வீடுகளுக்கு அபராத நோட்டீஸ் வந்தது. அதில் ஒன்று எனக்கு, இன்னொன்று அண்ணனுக்கே. அண்ணி ரெஜினா ஓட்டிய கார் அவன் பேரில் இருக்கிறது; ஆகவே, அன்று காலை 11.12க்குத் தாங்கள் சிவப்பு விளக்கைத் தாண்டினீர்கள் என்று, அந்நேரம் முன்னால் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தவனுக்கு எழுதியிருக்கிறார்கள். அவன் வைத்த கேமரா அவனையே பிடித்துவிட்டது! கேள்விப்பட்டதும் விழுந்து விழுந்து சிரித்தேன், ஆசிரியரே. பிறகு அடுப்படி நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன்.

நேற்று மன்றக் கட்டடத்தில் விசாரணை. விசாரணை அதிகாரி அம்மாள் வீடியோவைப் பார்த்து, அண்ணியிடம் துக்கம் விசாரித்து, பதினெட்டையும் தள்ளுபடி செய்தார். என் முறை வந்தது. "லைட் போடல. கொடி இல்ல. முன்னால போற வண்டிக்கும் உங்களுக்கும் நடுவுல நாலு வண்டி இடைவெளி. நீங்க ஊர்வலத்துல வந்தீங்களா, இல்லையா?" நான் மஞ்சள் விளக்கைப் பற்றி எழுதி வைத்திருந்த மூன்று பக்கத்தை எடுத்தேன். "அதைக் கேக்கல, மிஸ்டர் பிலார்ஸ்கி. வந்தீங்களா, இல்லையா?" பின்னாலிருந்து அண்ணி சத்தம் போட்டாள்: "வந்தாரும்மா! கூடப்பிறந்தவர் வேற எங்க போவாரு? காஸ், ஆமான்னு சொல்லித் தொலையேன், வாயில என்ன கொழுக்கட்டையா?" பதினெட்டு வீட்டுக்காரர்களும் என்னையே பார்த்தார்கள். நான்கு வருடம் அவன் வாசலை மிதிக்காதவன் எந்த முகத்தோடு ஆமாம் என்பது? "இல்ல. தனியாத்தான் வந்தேன்" என்றேன். அபராதம் உறுதியானது. அண்ணி என்னைப் பார்க்காமலே படியிறங்கிப் போனாள்.

ஆகவே, துக்க வீட்டுக்கும் திருட்டுக்கும் வித்தியாசம் தெரியாத அந்தக் கேமரா பாதுகாப்புக்கு அல்ல, வசூலுக்கே என்பதை இதன்மூலம் நிரூபித்துவிட்டேன். வரும் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்திலேயே அதை வேரோடு பிடுங்க வேண்டும் என்று தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் இல்லத்தாருக்கும் அச்சுக்கூடத்தாருக்கும் ஆண்டவன் நீண்ட ஆயுளும் நல்ல பிரேக்கும் தருவாராக.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
காஸிமிர் பிலார்ஸ்கி

பி.கு. (அக்டோபர் 10): இதைத் தயவுசெய்து பிரசுரிக்க வேண்டாம். தபால்தலை ஒட்டிய பிறகு நோட்டீஸில் இருக்கும் படத்தை மறுபடி பார்த்தேன். நடுச்சந்தியில் என் கார், மேலே சிவப்பு. அன்றைக்கு அது சிவப்பு என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் நின்றால் நான் இல்லாமலே அவனைப் புதைத்துவிடுவார்கள் என்று தோன்றியது, கால் பிரேக்குக்குப் போகவில்லை. ஆக, விசாரணையில் நான் சொன்னது பொய். அபராதத்தை இன்று காலை கட்டிவிட்டேன், அது திரும்ப வேண்டாம். பத்தொன்பதாவது காரும் ஊர்வலத்தில் வந்தது என்று பதிவில் எழுதினால் போதும் என மறுவிசாரணைக்கு மனுக் கொடுத்திருக்கிறேன். 23ஆம் தேதி. அண்ணியும் வருகிறேன் என்றிருக்கிறாள். கேமராவைக் கழற்றினால் அதிலுள்ள வீடியோவையும் அழித்துவிடுவார்களாம். அதுவரை அதன்மேல் யாரும் கை வைக்காமல் தாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் நிற்காமல் அண்ணன் பின்னாலேயே போனதற்கு வேறு சாட்சி இல்லை.