சிலுவை இல்லாத தேவாலயம்

ஆணியை அடித்ததுமே உள்ளங்கை அகலத்துக்குச் சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்தது. முனுசாமி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு மணியைப் பார்த்தார். மத்தியானம் இரண்டு மணிக்கு மரபுடைமை அதிகாரி வருகிறார்.

ஜோர்ஜ் டவுனில் அந்த யூனிடேரியன் தேவாலயம் நூற்றைம்பது வருஷத்துக் கட்டடம். கடவுள் ஒருவரே, அவருக்கு அடையாளம் எதுவும் வேண்டாம் என்றவர்கள் கட்டியது. அதனால் சிலுவைகூடக் கிடையாது. சுண்ணாம்புச் சுவர், உயரமான மரச் சன்னல்கள், அவ்வளவுதான். 'அசல் மாறவில்லை' என்று அதிகாரி எழுதிவிட்டால் எவனும் அதில் கை வைக்க முடியாது. அதைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டு, பின்னறையில் இருபது வருஷமாகக் குடியிருக்கும் முனுசாமியையும் கிளப்ப முடியாது.

தேவாலயச் செயலாளர் ஸ்ரீகரன்தான் நேற்று யோசனை சொன்னார்.

"சிலுவை இல்லாட்டி இத சர்ச்சுன்னே நம்ப மாட்டாங்க அண்ணே. ஒண்ணு மாட்டிடுங்க லா."

மாட்டியாகிவிட்டது. முனுசாமி போனை எடுத்தார்.

"சார், சுண்ணாம்பு கொட்டுது!"

"சிமெண்டு பூசுங்கண்ணே."

பூசினார். ஈரச் சிமெண்டு சுற்றியிருந்த சுண்ணாம்பையும் பாளம் பாளமாக இழுத்துக்கொண்டு விழுந்தது.

"தண்ணீர்மலையானே, காப்பாத்துப்பா! சார், பாதிச் சுவரே போச்சு!"

"பதறாதீங்க. முழுச் சுவருக்கும் பூசி, மேல பெயிண்ட் அடிச்சிடுங்க. பளிச்சுன்னு இருந்தா ஆபீசருக்குப் பிடிக்கும்."

படித்த மனிதர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். முனுசாமி அதையும் செய்தார். ஈரத்தின்மேல் அடித்த பெயிண்ட் அப்பளமாகப் பொரிந்தது.

அதிகாரி ஷஹீதா வந்தார்.

"யூனிடேரியன் சர்ச்சுல சிலுவையா? எப்ப வச்சீங்க அங்கிள்?"

"காலையிலதாம்மா."

"இந்தச் சுவரு?"

"அதுவும் காலையிலதான்."

முனுசாமிக்குப் பொய் சொல்ல வராது. ஷஹீதா பெருமூச்சு விட்டார்.

"மேலேர்ந்து கீழ வரைக்கும் சிமெண்டு. அசல்னு நான் எப்படி எழுதுறது?"

எழுதவில்லை. போய்விட்டார்.

குடியிருந்த இடத்தைத் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டோமே என்று முனுசாமி தலையில் அடித்துக்கொண்டார். அதைவிட, அத்தனை அக்கறையாக வழி சொன்ன செயலாளரின் முகத்தில் இனி எப்படி விழிப்பது? அதை நினைத்தபோதுதான் அழுகை வந்தது.

வாசலில் லோரி ஒன்று வந்து நின்றது. ஓட்டுநர் எட்டிப் பார்த்தார்.

"அங்கிள், ஹோட்டல் போர்டு எங்க இறக்குறது? மிஸ்டர் ஸ்ரீகரன் போன மாசமே ஆர்டர் கொடுத்துட்டாரு. இன்னிக்கி ஆபீசர் போனப்புறம் கொண்டாரச் சொன்னாரு லா."