உள்ளங்கைப் பாலைவனம்

பாதை திடீரென்று இரண்டாகப் பிரிந்தது. அப்படிப் பிரியும் என்று யாரும் எப்ராயிமிடம் சொல்லியிருக்கவில்லை.

காரை நிறுத்தினான். இடது பக்கம் சரளைக்கல் வெளி. வலது பக்கமும் அதே சரளைக்கல் வெளி. நடுவில் ஒரு கம்பம் மட்டும் நின்றது. அதில் இருந்த பலகையைக் காற்று எப்போதோ கொண்டுபோயிருந்தது. கைப்பேசியில் இருந்த வரைபடமோ பாலைவனப் பூங்கா வாசலைத் தாண்டியதுமே உயிரை விட்டிருந்தது.

"என்ன தம்பி, நின்னுட்டீங்க?" பின்சீட்டிலிருந்து குரல் வந்தது.

"இந்த இடம் ரொம்ப அழகு அம்மா. நீங்க நல்லாப் பாக்கணும்னுதான்."

லுத்வினா கவாரி அம்மாள் ஜன்னல் வழியே நிதானமாகப் பார்த்தார்.

"கல்லா இருக்கு" என்றார்.

"ஆமாம்மா. நல்ல கல்லு."

அம்மாள் நல்ல நாளுக்கு உடுத்தும் நீள அங்கியில் வந்திருந்தார். உள்ளே எத்தனை பாவாடை என்பது அவருக்கே வெளிச்சம். தலையில் மாட்டுக்கொம்பு போல இருபுறமும் நீண்ட தலைத்துணி. அது முன்சீட்டில் அடங்கவில்லை என்பதால்தான் பின்சீட்டின் நடுவில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் எப்ராயிமுக்குப் பின்னால் வரும் பாதை தெரியவில்லை. வருங்கால மாமியாரின் தலைத்துணி மட்டும்தான் தெரிந்தது.

வருங்கால மாமியார் என்பதுகூட இன்றைய பயணம் எப்படி முடிகிறது என்பதைப் பொறுத்தது.

எப்ராயிம் ஹெங்காரிக்குத் தலைநகர் விண்ட்ஹுக்கில் ஓர் அச்சகத்தில் வேலை. நாட்டிலுள்ள எல்லா வனப்பூங்காக்களின் சுவரொட்டிகளும் நாட்காட்டிகளும் அவன் கைவழியாகத்தான் வெளியே போகும். காண்டாமிருகத்தை மடித்தால் மடிப்பு எங்கே விழும், சிங்கத்தின் பிடரிக்கு எவ்வளவு மஞ்சள் சேர்க்க வேண்டும் என்பதெல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பூங்கா எதற்குள்ளும் அவன் கால் வைத்ததில்லை. வெயில் பட்டால் அவனுக்கு மூக்கில் ரத்தம் வரும்.

ஒரு கல்யாண விருந்தில் லுத்வினா அம்மாளின் மகள் வேமுனாவைப் பார்த்தான். பக்கத்தில் வெயிலில் வறுபட்ட தோளோடு ஒரு பூங்கா வழிகாட்டி, சிறுத்தையைத் துரத்திய கதையை அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். எப்ராயிமுக்கு வயிறு எரிந்தது. "நமீப் பாலைவனமா? எனக்கு அது உள்ளங்கை மாதிரி. மாசம் ஒருதரம் போகலேன்னா தூக்கம் வராது" என்று வாயை விட்டுவிட்டான்.

அந்த ஒரு வாக்கியம் வளர்ந்து, வேமுனாவின் சித்தப்பாக்கள் வரை போய், கடைசியில் பெண் கேட்டுப் போன நாளில் கூடத்தில் வந்து நின்றது. பெண் வீட்டுக்குத் தர வேண்டிய மாடுகள் விஷயம் பேசி முடித்து எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது லுத்வினா அம்மாள் வாய் திறந்தார்.

"மாப்பிள்ளைக்குப் பாலைவனம் அத்துப்படியாமே. நான் மாட்டோட மாடா வளர்ந்தவ, மணலைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? ஒரு நாள் என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டட்டும். அப்புறம் நாள் குறிக்கலாம்."

இப்போது இரண்டு பாதைகள்.

"இடதுதான்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு எப்ராயிம் காரைக் கிளப்பினான். நண்பனிடம் இரவல் வாங்கிய, விண்ட்ஹுக் தார்ச்சாலைக்கென்றே பிறந்த சின்னக் கார் அது. சரளைக்கல்லில் அதன் ஒவ்வொரு எலும்பும் தனித்தனியாக அழுதது.

கொஞ்ச தூரத்தில் ஒரு ஓரிக்ஸ் மான் நின்றது. ஈட்டி போல நேரான இரண்டு கொம்புகள். எப்ராயிமுக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு வந்தது. போன வருட நாட்காட்டியில் ஜூன் மாதம்!

"பாருங்கம்மா! ஓரிக்ஸ். ஆண். கொம்பைப் பார்த்தாலே சொல்லிடலாம்."

"அப்படியா தம்பி? கொம்பு இருந்தா ஆணா?"

"பின்னே?"

அம்மாள் கொஞ்ச நேரம் பார்த்தார். "கன்னுக்குட்டி ஒண்ணு அதுகிட்டப் பால் குடிக்குதே?"

எப்ராயிம் பார்த்தான். குடித்தது. வாலை ஆட்டி ஆட்டிக் குடித்தது.

"பாலைவனத்துல அப்படித்தாம்மா" என்றான். "கஷ்டமான வாழ்க்கை. எல்லாரும் எல்லா வேலையும் பாக்கணும்."

"எங்க வீட்டுக்காரருக்கு இது தெரியாமப் போச்சே" என்றார் அம்மாள். மடியில் இருந்த பின்னல் வேலையை எடுத்துக்கொண்டார்.

பேச்சைக் குறைப்பதுதான் நல்லது என்று எப்ராயிம் முடிவு செய்தான். ஆனால் அம்மாள் விடவில்லை. "அது என்ன தம்பி?" என்று வெளியே கை காட்டினார்.

தரையில் நைந்துபோன பட்டைப் பட்டையாக ஏதோ கிடந்தது. நுனியெல்லாம் கிழிந்து காய்ந்து சுருண்டிருந்தது.

எப்ராயிமுக்கு உண்மையாகவே கோபம் வந்தது. "பழைய தார்ப்பாய் அம்மா. லாரிக்காரன் எவனோ கிழிச்சுப் போட்டுட்டுப் போயிருக்கான். பாதுகாக்கப்பட்ட இடம்னு பேரு. குப்பையைப் பாருங்க!"

"நடுவுல பச்சையா இருக்கே?"

"பச்சைத் தார்ப்பாய்."

"சுத்தி வட்டமாக் கல்லு அடுக்கி வெச்சிருக்காங்களே?"

"பறந்துடாம இருக்க."

"பக்கத்துல போர்டு ஒண்ணு இருக்கு தம்பி. எனக்குக் கண்ணாடி இல்ல. கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன்."

எப்ராயிம் இறங்கிப் போய்ப் படித்தான். வெல்விட்சியா. இரண்டே இலைகள். வயது ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல். தொடாதீர்கள். இதே செடியை ஆளுயரச் சுவரொட்டியாக நான்கு வண்ணத்தில் அவனே அச்சடித்திருக்கிறான். அதில் அது ராணி மாதிரி உட்கார்ந்திருந்தது. நேரில் இப்படிக் கிடக்கும் என்று யார் கண்டார்கள்?

திரும்பி வந்தான்.

"என்ன போட்டிருக்கு?"

"குப்பை போடாதீர்கள்னு."

அம்மாள் தலையை ஆட்டினார். தலைத்துணியின் கொம்புகள் இரண்டு பக்கத்துக் கண்ணாடியையும் தட்டின.

வெயில் ஏறியது. பாதை மெலிந்துகொண்டே போனது. பூங்கா வாசலுக்குத் திரும்பும் வழி வலது பக்கம் இருக்கும் என்று எப்ராயிமுக்கு ஓர் உள்ளுணர்வு. திரும்பினான். வலது பக்கம் அவனை ஒரு பாறையைச் சுற்ற வைத்தது. சுற்றி முடித்ததும் ஓரிக்ஸ் மான் நின்றது. அதே மான், அதே கன்று. இரண்டும் அவனை அடையாளம் கண்டுகொண்ட மாதிரி பார்த்தன.

"இன்னொரு அப்பா" என்றார் அம்மாள்.

"ஆமாம்மா. இந்தப் பக்கம் நிறைய."

"தம்பி, வழி தப்பிட்டமோ?"

"சேச்சே! சுத்திக் காட்டறேன். நேரே போனா சீக்கிரம் முடிஞ்சிடும், அதான்."

"எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. அதோ கீழ ஒரு மரம் தெரியுதே, பெரிய முள்மரம். அது நிழல்ல நிறுத்தினா ஒரு வாய் சாப்பிடலாம்."

கீழே வறண்ட ஆறு. ஆறு என்றால் தண்ணீர் இல்லை, வெறும் மணல். மணலுக்கு அக்கரையில் முள்மரம் குடை விரித்து நின்றது. கார் தடம் ஒன்று மணலுக்குள் இறங்கிப் போனது. தடம் இருக்கிறதென்றால் போகலாம் என்றுதானே அர்த்தம்? எப்ராயிம் நம்பிக்கையோடு இறக்கினான்.

நடு ஆற்றில் கார் பெருமூச்சு விட்டு நின்றது.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. மணல். தினம் நடக்கறதுதான்." அழுத்தி மிதித்தான். சக்கரம் சுழன்றது, மணல் வாணவேடிக்கை மாதிரி பறந்தது, கார் ஒரு சாண் உட்கார்ந்தது. இன்னும் அழுத்தினான். இன்னொரு சாண். கதவைத் திறந்தபோது கதவின் அடி மணலைச் சீய்த்தது.

சக்கரத்துக்குக் கீழே எதையாவது கொடுக்க வேண்டும் என்று எங்கோ படித்த ஞாபகம். காரின் தரைவிரிப்புகளைக் கொடுத்தான். சக்கரம் அவற்றை வாங்கிப் பின்னால் வீசியது. ஒன்று நேராக வந்து அவன் நெஞ்சில் விழுந்தது. பெண் வீட்டுக்கென்று தைத்த கோட்டைக் கழற்றிக் கொடுத்தான். அது ஒரு கையோடு திரும்பி வந்தது. முள்மரத்தின் உதிர்ந்த கிளைகளை இழுத்து வந்து அடுக்கினான்.

"முள்ளாச்சே தம்பி?"

"அதான் நல்ல பிடிப்பு கிடைக்கும்."

கிடைத்தது. டயர் புஸ்ஸென்று பெருமூச்சு விட்டது. சக்கரம் மாற்றக் காரைத் தூக்கலாம் என்று ஜாக்கி வைத்தான். கார் எழவில்லை, ஜாக்கி இறங்கியது. இறங்கிக்கொண்டே போய் மணலுக்குள் காணாமல் போனது. நாய் எலும்பைத் தோண்டுவது போல இரண்டு கையாலும் தோண்டிப் பார்த்தான். கிடைக்கவில்லை.

நிமிர்ந்தபோது மூக்கிலிருந்து ரத்தம் வந்தது.

லுத்வினா அம்மாள் பாவாடைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணலில் கம்பீரமாக நடந்து போய் முள்மர நிழலில் உட்கார்ந்துவிட்டார். கூடையைத் திறந்தார். எண்ணெயில் பொரித்த ரொட்டி, உப்புக்கண்டம், ஒரு குடுவை புளித்த பால், அது போக ஒரு பெரிய கேன் தண்ணீர். காலைப் பயணத்துக்கு எதற்கு இவ்வளவு என்று புறப்படும்போது எப்ராயிம் மனதுக்குள் சிரித்திருந்தான்.

"அம்மா, நீங்க இருங்க. நான் நடந்து போய் ஆள் கூட்டிட்டு வர்றேன்."

"எந்தப் பக்கம்?"

எப்ராயிம் கையை நீட்டினான். அப்புறம் வேறு பக்கம் நீட்டினான். கடைசியில் கையைத் தொங்கப் போட்டான்.

"உக்காருங்க தம்பி" என்றார் அம்மாள். "நடந்து போற ஆளைத் தேடறதைவிட நிக்கற காரைத் தேடறது சுலபம். தலையை அண்ணாந்து வைங்க. ரத்தம் நிக்கும்."

ஈரத்துணியை அவன் நெற்றியில் வைத்தார். அந்தக் கை மெத்தென்று இருந்தது. அதுதான் அவனை உடைத்தது. திட்டியிருந்தால்கூட இன்னொரு பொய் சொல்லித் தப்பியிருப்பான்.

"அம்மா, எனக்கு இந்தப் பாலைவனம் தெரியாது."

அம்மாள் ஈரத்துணியைத் திருப்பி வைத்தார்.

"நான் இங்க வந்ததே இல்ல. இதான் முதல் தடவை. நான் அச்சகத்துல வேலை பாக்கறேன். மிருகமெல்லாம் பேப்பர்ல வரும், வெட்டி அடுக்குவேன். அவ்வளவுதான் எனக்கும் காட்டுக்கும் உள்ள உறவு. அந்தத் தார்ப்பாய்..."

"வெல்விட்சியா."

"உங்களுக்குத் தெரியுமா?"

"பள்ளிக்கூடத்துல படிச்சது. மேல சொல்லுங்க."

"அந்த மானும் ஆம்பளை இல்ல."

"அதை நானும் சந்தேகப்பட்டேன்."

எப்ராயிம் அண்ணாந்தபடியே வானத்திடம் பேசினான். "அன்னிக்கு அந்த வழிகாட்டிப் பய சிறுத்தைக் கதை சொன்னான். வேமுனா கண்ணைக் கொட்டாமக் கேட்டா. மை பூசற வேலைன்னு சொன்னா எந்தப் பொண்ணு திரும்பிப் பாப்பா?"

"அப்புறம் அவ எப்பத் திரும்பிப் பார்த்தா?"

யோசித்தான். "நான் கறித்தட்டைக் கீழ போட்டப்போ. குனிஞ்சு பொறுக்கினேன். அவளும் வந்து பொறுக்கினா. சிரிச்சா."

"பாலைவனக் கதை சொன்னதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

எப்ராயிம் நிமிர்ந்து உட்கார்ந்தான். "முன்னாடி."

அம்மாள் ரொட்டியைப் பிட்டு உப்புக்கண்டத்தை நடுவில் வைத்து நீட்டினார். அவன் வாங்கவில்லை.

"கல்யாணம் வேண்டாம்னு நீங்க சொன்னா எனக்குப் புரியும்மா. ஆனா வேமுனாகிட்ட நானே சொல்லிடறேன். உங்க வாயால அவ கேக்க வேண்டாம். இன்னொண்ணு, இந்தக் காரும் என்னோடது இல்ல."

"கோட்டு?"

"கோட்டு என்னோடதுதான்."

"அப்பப் பரவாயில்ல. சாப்பிடுங்க."

அவன் சாப்பிட்டான். பசி அப்படி. காரின் நிழல் மெல்ல நீண்டது. புளித்த பாலைக் குடித்து, பக்கத்தில் இருந்த மனுஷியைத் திரும்பிப் பார்த்தான். பின்னல் வேலையில் ஒரு பூ முடிந்திருந்தது. முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. அவர் என்ன நினைக்கிறார் என்று கண்டுபிடிக்க ஒரு பாலைவனமே தாண்ட வேண்டும் போலிருந்தது. ஆனாலும் நெஞ்சில் பல மாதமாக உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போயிருந்தது. வேமுனா இல்லாத வாழ்க்கையைப் பற்றி யோசிக்க ஆரம்பித்து, பாதியிலேயே தாங்காமல் நிறுத்திக்கொண்டான்.

அப்போது கரை மேலே புழுதி எழுந்தது. பூங்காவின் பச்சை நிற வண்டி ஒன்று மணலை அலட்சியமாக மிதித்துக்கொண்டு இறங்கி வந்தது.

"அம்மா! வண்டி! யாரோ நம்மளைப் பார்த்துட்டாங்க!" எப்ராயிம் எழுந்து, ஒற்றைக்கைக் கோட்டைத் தலைக்கு மேல் சுழற்றினான். "இங்க! இங்க!"

வண்டியிலிருந்து காவலர் இறங்கினார். தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர், குதித்துக்கொண்டிருந்த எப்ராயிமைத் தாண்டி நேராக முள்மரத்தடிக்குப் போய்ப் பணிவாகக் கேட்டார்.

"நீங்க சொன்ன நேரத்துக்கு, சொன்ன மரத்தடிக்கே வந்துட்டேம்மா. இவரு உண்மையை ஒத்துக்கிட்டாரா, இல்ல போன தடவை வந்த மாப்பிள்ளையை விட்டுவெச்ச மாதிரி இன்னும் ஒரு மணி நேரம் கழிச்சு வரட்டுமா?"