எதையும் கேட்காத ஸ்தோத்திரம்

முப்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தபோது, திருச்சி கன்டோன்மெண்டில் ஒரு சர்ச்சில், ஆராதனைக்கு நடுவே நான் கைதட்டினேன். கச்சேரிப் பழக்கம். தட்டியது நான் ஒருவன்தான். கட்டடம் உயரமானது என்பதால், நான் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் கேட்டது.

அந்த அவமானத்துக்குக் காரணமானவர், எங்கள் ஆபீஸில் தபால் பிரிவு பார்த்த ‘ஸ்தோத்திரம்’. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டுமே தெரியும். காவிரிக்கு இக்கரையிலும் அக்கரையிலும், கடவுளிடம் எதையுமே கேட்காத பக்தர் அவர் ஒருவர்தான் என்று நான் சத்தியம் செய்யத் தயார். நன்றி மட்டும் சொல்வார், எதற்கும் சொல்வார். பேனா கசிந்தால், “சட்டையோட போச்சே, ஸ்தோத்திரம்.” காபி ஆறிப்போனால், “நாக்கு தப்பிச்சுது, ஸ்தோத்திரம்.”

என் தங்கை கல்யாணத்துக்கு அவரை ஸ்ரீரங்கம் அழைத்துப் போனேன். சித்திரை வெயிலில் பஸ் காவிரிப் பாலத்தின் நடுவில் படுத்துவிட்டது. எல்லாரும் டிரைவரின் வம்சத்தை விசாரித்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் கண்ணை மூடி, “ஸ்தோத்திரம்” என்றார்.

பக்கத்து சீட்டுக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “வண்டி நின்னதுக்கா சாமி?”

“பாலத்துல நின்னிருக்குங்க. காத்து வருது பாருங்க. மீன் மார்க்கெட்டுகிட்ட நின்னிருந்தா?”

“நிக்காமலே போயிருக்கலாம்ல?”

“அது கேக்கறதுங்க. நான் கேக்கறதில்ல.”

கல்யாணம் முடிந்ததும் நான் கோயிலுக்குப் போனேன். அவர் வெளியே என் செருப்புக்குக் காவல் நின்றார். திரும்பி வந்ததும், “பெருமாள்கிட்ட என்ன சார் சொன்னீங்க?” என்றார்.

“இன்க்ரிமென்ட் வேணும், டிரான்ஸ்ஃபர் வேண்டாம், பல்வலி போகணும்.”

“தங்கச்சி கல்யாணம் நல்லா நடந்துச்சே, அதுக்கு?”

மறுபடி உள்ளே ஓடினேன். நடை சாத்தியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில், விரும்பியவர்கள் எழுந்து நின்று அந்த வாரத்துக்காக நன்றி சொல்வது அவருடைய சர்ச்சில் வழக்கம். மற்றவர்கள் சுகம், பெலன், சமாதானம் என்று பொதுப்படையாகச் சொல்லி உட்கார்ந்துவிடுவார்கள். இவருக்கு விவரம் வேண்டும். “காய்ச்சல்னு லீவுல இருக்கற எங்க ஹெட்கிளார்க்கை, லால்குடி பஸ்ஸுல நல்ல சுகமா, சிரிச்ச முகமா பாத்தேன் ஆண்டவரே, ஸ்தோத்திரம்.” இரண்டாவது பெஞ்சில் எங்கள் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். ஹெட்கிளார்க்குக்கு மறுநாள் நிஜமாகவே காய்ச்சல் வந்தது.

அப்படிப்பட்டவரின் மனைவியை ஒரு மழைக்காலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். திங்கட்கிழமை ஆபரேஷன். டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை.

“இந்த வாரம் கேக்காம எங்க போயிடுவான்?” என்றார் ஹெட்கிளார்க், பழைய கணக்கு தீரப்போகிற திருப்தியோடு.

சனிக்கிழமை நானே அவரிடம் சொன்னேன்: “ஒரு தடவை கேட்டா குறைஞ்சா போயிடும்? ஊரே கேக்கறது.”

உறைகளுக்கு ஸ்டாம்ப் ஒட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. “கேக்க ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன் சார். அதான் பயமா இருக்கு.” அன்று முழுக்க அவர் வாயிலிருந்து ஒரு ஸ்தோத்திரம்கூட வரவில்லை. ஆபீஸ் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் சர்ச்சுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அங்கே பாதிரியாரை ‘ஐயர்’ என்கிறார்கள். ஸ்ரீரங்கத்து அய்யங்காரான எனக்கு அதுவே பெரிய சோதனை. நன்றி சொல்லும் நேரம் வந்தது. ஸ்தோத்திரம் எழுந்தார். முன் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“ஆண்டவரே, என் சம்சாரம் உப்பில்லாம வைக்கிற ரசத்துக்காக ஸ்தோத்திரம். நான் குறட்டை விட்டா விலாவுல இடிக்கிற முழங்கைக்காக ஸ்தோத்திரம். அவ வாய்க்காக ஸ்தோத்திரம். எங்கம்மாவை அவ எதுத்துப் பேசினதுக்காக…” இங்கே கொஞ்சம் யோசித்தார். “அதுல நியாயம் இருந்துச்சு. ஸ்தோத்திரம்.”

பெண்கள் பக்கம் சிரிப்பு வந்து, உடனே அடங்கியது.

“நாளைக்கு…” என்றார்.

நின்றுவிட்டார். ஐயர் தலை நிமிர்ந்தார். சபையே அந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தது. கேட்டுத் தொலையேன் மனுஷா என்று நான் உள்ளுக்குள் கெஞ்சினேன். போதாதென்று பெருமாளிடமும் ஒரு மனு போட்டேன்.

“இன்னிக்கு வரைக்கும் ஸ்தோத்திரம்” என்று சொல்லி உட்கார்ந்தார்.

அப்போதுதான் நான் கைதட்டினேன்.

வெளியே வந்ததும், “யாருக்கு சார் தட்டினீங்க, எனக்கா ஆண்டவருக்கா?” என்றார். தெரியவில்லை என்றேன். இப்போதும் தெரியாது. ஆனால் காவிரிப் பாலத்தில் பஸ் நின்றால், பக்கத்தில் யாருக்கும் கேட்காமல் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன். பெருமாள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார். பார்க்கப் போனபோது கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஸ்தோத்திரம் வெந்நீர் வாங்கப் போயிருந்தார். அன்று சர்ச்சில் நடந்ததை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டார்.

“கல்யாணமான நாள்லேருந்து ரசம் நல்லா இருக்குன்னுதான் சார் என்கிட்ட சொல்லிக்கிட்டிருக்காரு” என்றார். “ஆண்டவருகிட்ட சொன்னதை என்கிட்ட சொல்லியிருந்தா, ஒரு கல்லு உப்பு கூடப் போட்டிருப்பேன்ல?”